கேபர் மரங்களுக்காக உழைத்த எல்லோருக்கும் நன்றி

ஸ்காட்லாந்தின் பெர்த்ஷயரில் நாங்கள் வாழும் சிற்றூரின் ஹைலண்ட் விளையாட்டு என்ற பாரம்பரியப் போட்டித் திருவிழா இந்த ஆகஸ்டில் நல்லபடியாக நடந்து முடிந்தது. இந்த முறை மைதானத்தில் இறங்கிய கேபர்கள் மூன்றுமே புதியவை, மூன்றுமே இதே பள்ளத்தாக்கில் வளர்ந்த லார்ச் என்ற ஊசியிலை மரங்கள். மரம் தேடும் பொறுப்பைக் குழு என்னிடம் கொடுத்திருந்தது. உதவிய ஸ்காட்லாந்து நண்பர்களுக்கு ஆங்கிலத்தில் தனித்தனியாக எழுதிவிட்டேன், ஆனால் கிளாஸ்கோவிலிருந்தும் டண்டீயிலிருந்தும் வந்து கைகொடுத்த நம்மவர்களுக்கும், "அது என்ன விளையாட்டு, அதற்கு இத்தனை பாடா" என்று கேட்ட ஊர் சொந்தங்களுக்கும் தமிழில் எழுதினால்தான் சரியாக இருக்கும்.

தெரியாதவர்களுக்கு மட்டும்: கேபர் என்பது கிளையும் பட்டையும் நீக்கிய ஒரு முழு மரத்தண்டு. பொதுவாகச் சொல்லும் அளவு 19 அடி 6 அங்குல நீளம், 79 கிலோ எடை, ஆனால் ஊருக்கு ஊர் மாறும். மெல்லிய முனையை இரண்டு கைகளாலும் அடியில் ஏந்தி, தண்டைத் தோளில் சாய்த்து நிமிர்த்தித் தூக்கி, அப்படியே ஓடிவந்து சட்டென்று நின்று மேலே வீச வேண்டும். பருத்த முனை தரையில் குத்தி, கையிலிருந்த முனை மேலே எழும்பிப் புரண்டு, எறிந்தவருக்கு நேர் எதிர்த் திசையில் விழ வேண்டும். எவ்வளவு தூரம் போனது என்பது கணக்கே இல்லை. எறிந்தவர் கடிகார முகப்பில் 6 மணியில் நிற்பதாக வைத்துக்கொண்டால், 12 மணிக்கு நேராக விழுந்ததா, 11-க்குச் சாய்ந்ததா என்பதைத்தான் நடுவர் பார்ப்பார்.

முதல் நன்றி மரங்கள் வளர்ந்த எஸ்டேட்டின் வனக்காவலருக்கு. இந்தப் பக்கம் லார்ச் நிறைய இருப்பதற்குப் பழைய காரணம் உண்டு. டன்கெல்ட் தேவாலயத்தின் அருகில் 1738-இல் நட்ட லார்ச் ஒன்று இன்றும் நிற்கிறது, அதற்குப் பிறகு ஆத்தோல் (Atholl) என்ற பிரபுக் குடும்பத்தார் இந்த மலைகளில் லட்சக்கணக்கில் லார்ச் நட்டார்கள். ஆனால் இருக்கிற மரமெல்லாம் கேபராகிவிடாது. பாதையோரம் நின்ற அழகான மரங்களை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. ஓரத்து மரத்துக்கு வெளிச்சம் தாராளமாகக் கிடைப்பதால் அடிவரை கிளை விட்டிருக்கும், கிளை இருந்த இடமெல்லாம் கணு, அடி பருத்து நுனி சட்டென்று சிறுத்தும் போய்விடும். அவர் எங்களை நெருக்கமாக நட்ட பகுதியின் நடுவுக்கே கூட்டிப் போனார். அங்கே மரங்கள் வெளிச்சத்துக்குப் போட்டி போட்டு உயர்ந்திருந்தன, கீழ்க்கிளைகள் எப்போதோ காய்ந்து உதிர்ந்திருந்தன. ஒவ்வொரு மரத்திலும் கன்னத்தை ஒட்டிவைத்து மேலே பார்ப்பார், பிறகு கால்வாசி சுற்றி நகர்ந்து மறுபடி பார்ப்பார், ஏனென்றால் ஒரு பக்கத்திலிருந்து நேராகத் தெரியும் மரம் இன்னொரு பக்கத்தில் வில்லாக வளைந்திருக்கலாம். சரிவில் சாய்ந்து வளர்ந்ததையும் வேண்டாம் என்றார்: சாய்ந்த மரம் தன்னைத் தாங்கிக்கொள்ளக் கீழ்ப்பக்கத்தில் கெட்டியான கட்டையைச் சேர்த்து வைக்கும், காயும்போது அந்தப் பக்கம் வேறு மாதிரிச் சுருங்கி மரம் கோணிவிடும். அவர் கண் இல்லாவிட்டால் இந்த மூன்று மரமும் இல்லை.

நோய் விஷயத்திலும் அவர் காட்டிய கவனத்தைச் சொல்லியாக வேண்டும். பைட்டாப்தோரா ரமோரம் என்ற கிருமி, உருளைக்கிழங்கை அழிக்கும் கருகல் நோய்க் கிருமியின் இனம்தான், 2009-இல் இங்கிலாந்தின் தென்மேற்கில் லார்ச் மரங்களில் தெரிந்து, பிறகு ஸ்காட்லாந்துக்கும் வந்து கேலோவே பக்கம் காடு காடாக வெட்ட வைத்துவிட்டது. நோய் கண்ட இடத்து மரத்தை உரிமம் இல்லாமல் நகர்த்தக் கூடாது. அதனால் எங்கள் மரங்களின் பட்டை, ஊசியிலை எல்லாவற்றையும் பார்த்து, சந்தேகமில்லை என்ற பிறகுதான் வெட்டச் சம்மதித்தார். மே மாதம் என்பதால் மேலே பறவைக் கூடு இருக்கிறதா, சிவப்பு அணில் கூடு இருக்கிறதா என்று தொலைநோக்கியில் தேடி, கூடு இருந்த ஒரு நல்ல மரத்தை அப்படியே விட்டுவிட்டார். அந்த மரத்தை விட்டதற்கும் நன்றி.

அடுத்து, மரம் அறுத்துக் கொடுத்த அண்ணனுக்கு. அவர் அங்கே வந்ததே அங்கே நெருக்கமாக நிற்கும் மரங்களில் சிலவற்றை வெட்டி இடைவெளி விடும் பெரிய இயந்திரத்தை ஓட்டத்தான். அந்த இயந்திரம் மரத்தைப் பிடித்து இழுக்கும் உருளைகளில் முள் முள்ளாக இருக்கும், கட்டையில் வரிசையாகக் குத்திவிட்டுப் போகும், ஆலைக்கு அனுப்பும் நீளத்துக்கே துண்டும் போடும். எங்களுக்காக அவர் இறங்கி வந்து, செயின் சாவால் கையாலேயே அறுத்து, ஏற்கெனவே வெட்டிக் குவித்திருந்த கிளைகளின் மேல் மரம் மெத்தென்று விழும்படி சாய்த்தார். வெறும் பாறையில் விழுந்த மரத்தில் உள்ளுக்குள் விரிசல் ஓடியிருந்தால் வெளியே தெரியாது, ஒருநாள் மைதானத்தில் யாரோ தூக்கி எறியும்போதுதான் உடையும். சம்பளம் வாங்காத வேலை அது.

பழைய தொலைபேசிக் கம்பம் ஒன்று சும்மா கிடக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்று சொன்ன பக்கத்து ஊர்க்காரருக்கும் நன்றி, மனசு பெரிசு. ஆனால் கம்பங்களில் இற்றுப்போகாமலிருக்கக் கிரியோசோட் என்ற தார் எண்ணெய் ஏற்றியிருப்பார்கள், தோல் எரியும், எறிபவரின் கழுத்தும் கன்னமும் படுகிற கட்டைக்கு அது ஆகாது.

இப்போது பட்டை உரித்தவர்கள். கிளாஸ்கோ குடும்பங்களே, டண்டீயில் படிக்கிற தம்பிகளே, அந்தச் சனி ஞாயிறை நான் மறக்க மாட்டேன். லார்ச்சில் சாறு ஏறும் பருவத்தில் வெட்டிய கையோடு உரித்தால் பட்டை நீள நீளமாக வரும், குளிர்காலத்து மரமென்றால் பசை போட்டு ஒட்டியதுபோல் விடாது. இரண்டு பக்கமும் பிடியுள்ள வளைகத்தியைத் தன் பக்கம் இழுத்து இழுத்து உரிக்க வேண்டும். பட்டைக்குக் கீழே வெளிர் மஞ்சள் கட்டை வழுவழுவென்று ஈரமாக வெளியே வரும்போது ஒரு புளித்த வாசனை அடிக்கும், தொட்டால் விரல் வழுக்கும், கொஞ்ச நேரத்தில் அதே விரல் பிசினில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். சோப்பு போட்டால் போகாது. வீட்டிலிருந்து நல்லெண்ணெய் பாட்டில் கொண்டுவந்து எல்லோர் கையிலும் ஊற்றித் தேய்க்கச் சொன்ன அக்காவுக்குத் தனி நன்றி, அதைப் பார்த்த ஸ்காட்லாந்துக்காரர்கள் அடுத்த நாள் அவரைத் தேடிவந்து எண்ணெய் கேட்டார்கள். கணுக்களைக் கட்டையோடு சமமாகச் சீவி, உப்புத்தாள் போட்டு, உள்ளங்கையால் முழு நீளமும் தடவிப் பார்த்த தம்பியின் பொறுமை எனக்கு மிகவும் பிடித்தது. தோளில் சாயும் இடத்தில் ஒரு கணு நின்றாலும் எறிபவரின் காறை எலும்பில் அது கிழிக்கும்.

கொட்டகை கொடுத்த விவசாயக் குடும்பத்துக்கு என்ன சொல்வது? ஒரு வருடத்துக்கும் மேலாக அவர்களுடைய வைக்கோல் கொட்டகையில் ஒரு பக்கச் சுவரை நாங்கள் பிடித்து வைத்திருந்தோம். குறுக்குக் கட்டைகள் போட்டு, தரையில் படாமல், காற்று நாலா பக்கமும் போகும்படி மரங்களைப் படுக்க வைத்து, வெட்டிய முனைகளில் மிச்சமிருந்த பெயின்டை அடித்தோம், இல்லாவிட்டால் முனை மட்டும் வேகமாகக் காய்ந்து வெடித்துவிடும். ஒரே பக்கமாகக் கிடந்தால் மரம் தொய்ந்துவிடும் என்று மாட்டுக்குத் தீனி வைக்கப் போகும்போதெல்லாம் அந்த வீட்டுப் பெரியவர் தண்டுகளைக் கொஞ்சம் உருட்டிவிட்டு வருவார். நடுத்தரக் கேபரையே எடுத்துக்கொள்ளுங்கள், ஐந்தரை மீட்டர் நீளம், பருத்த முனை 20 சென்டிமீட்டர், மெல்லிய முனை பன்னிரண்டரை. வெட்டிய புதிதில் 100 கிலோவைத் தொட்டது, இந்த ஜூலையில் 70-ஐ ஒட்டி வந்து நின்றது. போன 30 கிலோவும் தண்ணீர்தான். பச்சை மரத்தை அவசரப்பட்டு மைதானத்துக்குக் கொண்டுபோவதை நான் ஏற்காததற்குக் காரணமும் இதுதான், போட்டிக்குப் போட்டி எடை மாறிக்கொண்டே இருக்கும் கட்டையை வைத்து யாரும் பயிற்சி செய்ய முடியாது.

கடைசிக் கட்ட வேலை முழுவதும் ஓய்வுபெற்ற எறிவீரர் ஒருவருடையது. தண்டை ஓர் இரும்புக் குழாயின் மேல் வைத்து உருட்டி, எந்த இடத்தில் சமநிலைக்கு வருகிறது என்று சுண்ணக்கட்டியால் கோடு போட்டார். மெல்லிய முனையின் விளிம்பை அரத்தால் ராவி, கோத்த கைகளில் உட்காரும்படி உருண்டையாக்கினார். பெரிய கேபரை ஓரடி அறுத்துவிடலாமா என்ற பேச்சு வந்தபோது, வேண்டாம், பொறுங்கள் என்றார். யாராலும் புரட்ட முடியாவிட்டால் மைதானத்திலேயே ஒரு துண்டு அறுத்துக் குறைப்பது பல ஊர்களில் பழைய வழக்கம், அதனால் முன்கூட்டியே அறுக்க வேண்டியதில்லை, நீளத்தை ஒட்டவைக்க முடியாதே. அவர் சொன்னதே எனக்கும் சரியென்று பட்டது. எல்லோரும் புரட்டுகிற கேபர் போட்டியை வெறும் கடிகாரக் கணக்காக்கிவிடும், யாராலும் முடியாத கேபர் பார்க்க வந்தவர்களைச் சோர வைத்துவிடும், இரண்டுக்கும் நடுவில் ஓரிருவர் மட்டும் வெல்லக்கூடிய ஒரு மரம் வேண்டும். அன்றைக்கு அந்தப் பெரிய மரத்தை ஒரே ஒருவர் புரட்டினார், மூன்றாவது முயற்சியில், கிட்டத்தட்ட 12 மணிக்கு. ரம்பம் வண்டியிலேயே கிடந்தது. பெண்கள் பிரிவுக்கு வைத்த சிறிய கேபர் கச்சிதமாக இருந்தது என்று எறிந்தவர்களே வந்து சொன்னார்கள், அதைக் கேட்க எனக்கு உண்மையிலேயே நிறைவாக இருந்தது.

அப்புறம், ஒவ்வொரு முறையும் மரத்தை நிமிர்த்தி எறிபவரின் தோளில் சாய்த்துக் கொடுத்த மைதானப் பிள்ளைகளுக்கும், டிரெய்லர் தந்து, பின்னால் நீட்டிக்கொண்டிருந்த முனையில் சிவப்புத் துணி கட்டி, குறுகலான மலைச்சாலையில் பின்னாலேயே காரில் காவல் வந்த தம்பதிக்கும் நன்றி.

மரங்கள் மறுபடி கொட்டகைக்குப் போய்விட்டன. லார்ச்சின் வைரம் மழையைத் தாங்கும், ஆனால் இளமரத்தில் வெளிறிய வெளிக்கட்டைதான் அதிகம், நனையவிட்டால் இற்றுப்போகும். அடுத்த மே மாதம் இன்னும் இரண்டு மரம் வெட்ட வனக்காவலர் சம்மதித்திருக்கிறார். வளைகத்தி நான்கு இருக்கிறது, கையுறை மட்டும் கொண்டுவாருங்கள், மதியச் சாப்பாடு எங்கள் வீட்டில். ஒலிபெருக்கியில் அறிவிப்புச் செய்பவர், எறிபவர்களின் பெயரோடு மரம் தயார் செய்தவர்களின் பெயரையும் அடுத்த வருடம் வாசிக்க ஒப்புக்கொண்டிருக்கிறார், அதனால் உங்கள் பெயரை எப்படி உச்சரிக்க வேண்டும் என்று எனக்கு ஒரு குரல் பதிவு அனுப்பிவையுங்கள்.