சங்க இணையதளம்: ஞாயிறு இரவு வேகப்படுத்தும் வேலை

அனைவருக்கும் வணக்கம்.

போன வாரம் பெங்களூரு அல்சூரில் ஒரு அம்மா, பேரனின் தமிழ் வகுப்புப் படிவத்தைத் திறக்க என் எதிரிலேயே காத்திருந்தார். வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. மனசு கேட்கவில்லை.

யார் வந்தாலும், நம் தளத்தை இயக்கும் வேர்ட்பிரஸ் மென்பொருள் ஒவ்வொரு முறையும் டேட்டாபேஸைக் கேட்டுப் பக்கத்தைப் புதிதாகக் கட்டுகிறது. இனி கட்டிய பக்கத்தை சர்வர் கேஷில் (தற்காலிகச் சேமிப்பில்) வைத்திருந்து அப்படியே கொடுக்கும். கூடவே ரெடிஸ் என்ற மென்பொருளும் போடுகிறோம். அடிக்கடி தேவைப்படும் தகவல் மெமரியிலேயே தயாராக இருக்கும்.

ஜூலை 12, ஞாயிறு இரவு 10 முதல் 11 வரை.

1. அந்த நேரத்தில் தளத்தில் எதையும் ஏற்ற, திருத்த வேண்டாம்.
2. திங்கள் காலை லாகின் செய்து உங்கள் பெயர்தான் வருகிறதா என்று பாருங்கள். லாகின், சந்தா பக்கங்களை கேஷில் சேர்க்க மாட்டோம். சேர்ந்துவிட்டால் ஒருவர் விவரம் இன்னொருவருக்குத் தெரிந்துவிடும். இதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடாதீர்கள்.
3. அறிவிப்பு போடுபவர்கள்: திருத்திய பிறகும் பழையதே தெரிந்தால் கேஷை ஒருமுறை அழித்துவிடுங்கள்.
4. கோளாறு என்றால் ஸ்கிரீன்ஷாட்டோடு இங்கேயே போடுங்கள்.

அந்த நேரம் யாருக்காவது இடைஞ்சல் என்றால் வெள்ளிக்குள் சொல்லுங்கள். மற்றவர்கள் 'பார்த்தேன்' என்று ஒரு வரி போடுங்கள்.