செயலாளர் ஆண்டறிக்கை: மஸ்கி லீடர் கட்டிப் பழகிய ஆண்டு

மதிப்புக்குரிய தலைவர் அவர்களே, நிர்வாக சபையினரே, அங்கத்தவர்களே, அவர்தம் குடும்பத்தினரே, அனைவருக்கும் வணக்கம்.

சென்ற பொதுக்கூட்டக் குறிப்புகள் உங்கள் கையில் இருக்கின்றன. வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார். கோடை ஒன்றுகூடலும் சிறுவர் தூண்டில் நாளும் வழமைபோல் நடந்தன. சமையலைப் பொறுப்பெடுத்து நின்ற அக்காமாருக்குச் சபையின் நன்றி. இந்த அறிக்கையின் பெரும்பகுதியை ஸ்காபரோவில் குளிர்காலத்தில் நடத்திய லீடர் பட்டறைக்கே ஒதுக்கியிருக்கிறேன். மஸ்கி என்பது நம் ஏரிகளில் வாழும் கூரிய பல்லுள்ள பெரிய வேட்டை மீன்; லீடர் என்பது அதன் பல்லில் நூல் அறுபடாதபடி நூலுக்கும் கொக்கிக்கும் இடையில் கட்டும் கம்பி. இந்த ஆண்டு சங்கம் செய்த வேலைகளில் அதையே முதன்மையானதாகக் கருதுகிறேன்.

அது தொடங்கிய காரணம் பலருக்குத் தெரியும். ஒன்ராறியோவின் கவார்த்தா ஏரியொன்றில் நம் அங்கத்தவர் ஒருவர் இழுத்துக்கொண்டு வந்த பெரிய மஸ்கி, படகருகே தலையை உதறியபோது கடையில் வாங்கிய லீடரின் சினாப் (இரையை மாட்டும் கொளுக்கி) திறந்துவிட்டது. மூன்றுமுள் கொக்கிகள் இரண்டும் வாயில் குத்தியபடியே மீன் போய்விட்டது. நட்டம் நமக்கல்ல, அந்த மீனுக்குத்தான். 44 அங்குலம் வளர்ந்த மஸ்கி பெரும்பாலும் பத்து வயதை ஒட்டிய, அல்லது அதைத் தாண்டிய பெண்மீன். அப்படியொரு மீனை வாயில் இரும்போடு அனுப்புவது நமக்கு அழகல்ல.

மஸ்கியின் பல்லுக்கும் செவுள் ஓரத்துக்கும் தங்கூசி (நைலோன் நூல்) நிற்காது. 80 இறாத்தல் பின்னல் நூலும் பல்லில் உரசினால் அறுந்துபோகும். இதை நம் மூத்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. ஊரில் சீலாவுக்கும் அறக்குளாவுக்கும் தூண்டில் முனையில் கம்பி கட்டிய கைகள் அவை. பட்டறையில் இளையவர்களுக்கு அருகிருந்து கைபிடித்துக் காட்டியவர்களும் அவர்களே.

வீசிப் பிடிப்பதற்கு ஒற்றைக் கம்பி லீடரையே கட்டினோம். எடுத்தது 12ஆம் இலக்கத் துருப்பிடிக்காத உருக்குக் கம்பி. தடிப்பு 0.029 அங்குலம், 170 இறாத்தலுக்கு மேல் தாங்கும். 9ஆம் இலக்கம் (0.022 அங்குலம்) ஏறத்தாழ 105 இறாத்தல் தாங்கும் என்றாலும் எளிதில் வளைந்து மடிந்துவிடுகிறது. மடிந்த இடத்தில்தான் கம்பி முறியும். அதனால் மடிப்பு விழுந்த லீடரை நிமிர்த்திப் பாவிக்காமல் அன்றே எறிந்துவிட வேண்டும்.

கட்டுவதில் எல்லாரையும் சோதித்தது முறுக்குத்தான். வளையத்துக்குப் பின்னால் இரண்டு கம்பிகளையும் அகலமாக விரித்துப் பிடித்து, ஒன்றையொன்று சரிசமமாகச் சுற்றும்படி நாலைந்து முறுக்குப் போட வேண்டும். ஒன்று நேராக நிற்க மற்றது அதைச் சுற்றினால், பார்க்க நன்றாக இருக்கும், இழுவையில் வழுக்கிவிடும். அதன் பிறகு மிஞ்சிய நுனியைச் செங்கோணத்தில் திருப்பி நாலைந்து நெருக்கமான சுற்று. கடைசியில் நுனியைக் குறட்டால் வெட்டவே கூடாது. கைப்பிடிபோல் வளைத்து முன்னும் பின்னும் ஆட்டினால் சுற்றின் ஓரத்திலேயே மழுங்கலாக முறிந்துவிடும். வெட்டினால் மிஞ்சும் கூர், மீனை விடுவிக்கும் நேரத்தில் உள்ளங்கையைக் கிழிக்கும்.

நீளம் பற்றி நீண்ட விவாதம் நடந்தது. வீசிப் பிடிக்க 10 முதல் 14 அங்குலம் என்று முடிவெடுத்தோம். மஸ்கி இரையைப் பின்தொடர்ந்து படகுவரை வரும் மீன். படகோரத்தில் கோல் நுனியை நீருக்குள் விட்டு எட்டு வடிவில் சுழற்றும்போது லீடர் கோலின் நுனி வளையத்துக்குள் ஏறிவிடக் கூடாது. படகை ஓட்டி இழுத்துப் பிடிப்பதற்கு 3 முதல் 5 அடி வேண்டும். உருளும் மீனின் உடல் நூலில் உரசுவதால் அந்த நீளம். இதற்கு 49 இழைக் கம்பியைச் சிறு உலோகக் குழலுக்குள் விட்டு நசுக்கிப் பொருத்தினோம். குழலின் இரு விளிம்புகளையும் நசுக்காமல் விட்டு நடுவில் மட்டும் அழுத்த வேண்டும். விளிம்பை நசுக்கினால் அதுவே இழைகளை அறுக்கத் தொடங்கும்.

சினாப்பிலும் சுவிவலிலும் (நூல் முறுக்கிக்கொள்ளாமல் சுழலும் இணைப்பு) சிக்கனம் பார்க்க வேண்டாம் என்று சபையை வற்புறுத்திக் கேட்கிறேன். கம்பி மலிவு. உருளைக் குண்டு வைத்த நல்ல சுவிவலுக்குத்தான் காசு. லீடர் பெரும்பாலும் கைவிடுவதும் இந்த இடத்தில்தான்.

கட்டிய ஒவ்வொரு லீடரையும் சுவரில் இறுக்கிய ஆணியில் மாட்டி, மறுமுனையை விற்றராசில் (சுருள்வில் தராசு) கொளுவி 50 இறாத்தல் வரை இழுத்த பிறகே பையில் போட்டோம். கண்ணாடியும் கையுறையும் இல்லாமல் இழுக்க ஒருவரையும் விடவில்லை. வழுக்கியவை அங்கேயே ஒதுக்கப்பட்டன. முதல் மாலை ஒதுங்கியவை நிறைய, பின்னர் குறைந்துகொண்டே வந்தன.

கவார்த்தாப் பகுதியில் மஸ்கி பருவம் ஜூன் முதல் சனிக்கிழமை தொடங்கி டிசம்பர் 15இல் முடிகிறது. கன்சர்வேஷன் அட்டை (குறைந்த எண்ணிக்கை மீனையே வைத்துக்கொள்ள விடும் மீன்பிடி உரிமம்) வைத்திருப்பவர் ஒரு மஸ்கியையும் வைத்துக்கொள்ள முடியாது. நம் படகுகளில் எந்த அட்டை வைத்திருந்தாலும் பிடித்ததை விட்டுவிடுவதே வழக்கம். 1978இல் தொடங்கிய மஸ்கீஸ் கனடா அமைப்பு வலியுறுத்திவரும் வழியும் அதுவே. பட்டறையில் கட்டிய லீடர்கள் பருவம் முழுவதும் நம்மிடையே பாவனையில் இருந்தன. கம்பியோடு கொக்கியைக் கொண்டுபோன மீன் என்று ஒரு முறைப்பாடும் நிர்வாக சபைக்கு வரவில்லை. இதை மகிழ்ச்சியுடன் பதிவு செய்கிறேன்.

நிர்வாக சபை மூன்று தீர்மானங்களை உங்கள் முன் வைக்கிறது. சங்கப் பயணங்களில் இழுத்துப் பார்த்த லீடர் இல்லாமல் மஸ்கிக்குத் தூண்டில் போடக் கூடாது. ஒவ்வொரு படகிலும் பெரிய றப்பர் வலையும் நீண்ட மூக்குக் குறடும் கொக்கி வெட்டும் கத்திரியும் இருக்க வேண்டும். நீர் வெப்பம் 27 பாகை செல்சியசைத் தொட்டால் அன்று மஸ்கியை விட்டு வேறு மீனுக்குப் போக வேண்டும். மூன்றாவதற்கு எதிர்ப்பு இருக்கும் என்று தெரியும். ஆயினும் சூடான நீரில் களைத்த மஸ்கி, நீந்திப் போனாலும் பிறகு சாகக்கூடும் என்பதை யோசித்து வாக்களியுங்கள்.

அடுத்த பட்டறை பருவம் மூடியதும் டிசம்பரிலேயே தொடங்கும். கம்பி, குழல் ஆகியவற்றைச் சங்கம் தரும். குறடு வைத்திருப்பவர்கள் கொண்டு வரவும்.

இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு சபையைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்