ஆவணத்தின் வடிவத்தை லைப்ரரியின் பொறுப்பில் விடலாகாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நிரலில் உள்ள ஆப்ஜெக்ட்டுகளை எக்ஸ்எம்எல் ஆவணங்களாக எழுதுவதையும், அந்த ஆவணங்களைப் படித்து மீண்டும் ஆப்ஜெக்ட்டுகளாக்குவதையும் பற்றித் தங்கள் நாளிதழின் கணினிப் பகுதியில் அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். தமிழில் அரிதாகவே எழுதப்படும் இத்தகைய செய்திக்கு இடம் தந்தமைக்கு நன்றி. ஆயினும், கிளாஸை எழுதி முடித்தால் போதும், ஆவணத்தின் வடிவத்தை லைப்ரரியே தீர்மானித்துக்கொள்ளும் என்று அக்கட்டுரை மாணவர்களுக்குச் சொல்லியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. இத்துறையில் நாள்தோறும் வேலை செய்பவன் என்ற முறையில், அந்த ஒரு கருத்தைப் பற்றி மட்டும் என் மறுப்பைத் தெரிவிக்க விரும்புகிறேன்.

துறைக்கு வெளியே உள்ள வாசகர்களுக்காகச் சில வரிகள். கிளாஸ் என்பது ஒரு பொருளுக்கு என்னென்ன பண்புகள் உண்டு என்று நிரலர் எழுதும் வரையறை. லைப்ரரி என்பது பிறர் எழுதிவைத்து, நாம் நம் நிரலில் சேர்த்துக்கொள்ளும் ஆயத்த நிரல்தொகுப்பு. ஆப்ஜெக்ட் என்பது கிளாஸின்படி உருவாகி, நிரல் ஓடும்போது கணினியின் நினைவகத்தில் இருப்பது. நிரல் நின்றால் அதுவும் போய்விடும். அதைச் சேமித்து வைக்கவோ வேறொரு நிரலுக்கு அனுப்பவோ வேண்டுமானால் எழுத்து வடிவத்துக்குக் கொண்டுவந்தாக வேண்டும். இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 1998 பிப்ரவரி 10 அன்று பரிந்துரையாக வெளியிட்ட எக்ஸ்எம்எல் 1.0 அதற்கான வடிவங்களுள் ஒன்று. அதில் ஒரு தரவைத் தொடக்கக் குறிக்கும் முடிவுக் குறிக்கும் இடையே வைத்தால் அது எலிமென்ட்; தொடக்கக் குறியின் உள்ளேயே பெயர்="மதிப்பு" என்று எழுதினால் அது அட்ரிபியூட். ஆப்ஜெக்ட்டின் ஒவ்வொரு பண்பும் ஆவணத்தில் எந்தப் பெயரில், எந்த இடத்தில், எலிமென்ட்டாகவா அட்ரிபியூட்டாகவா வரும் என்று வகுத்துக்கொள்வதையே மேப்பிங் என்கிறோம். ஜாவா மொழியில் ஜாக்ஸ்பி, டாட்நெட் தளத்தில் எக்ஸ்எம்எல்சீரியலைசர் ஆகிய லைப்ரரிகள், நிரலர் ஒன்றும் சொல்லாவிட்டால், கிளாஸில் உள்ள பெயர்களைக் கொண்டே இதை முடிவு செய்துவிடும். கிளாஸில் பண்பின் அருகே அனோட்டேஷன் என்ற குறிப்பை எழுதினால் அதன்படி நடக்கும். ரூபி மொழியின் ராக்ஸ்எம்எல் லைப்ரரி, எந்தப் பண்பு ஆவணத்துக்குப் போக வேண்டும் என்று ஒவ்வொன்றாக அறிவித்தால்தான் எழுதும். இந்த மூன்றாவது வழக்கமே சரியானது என்பது என் கருத்து.

காரணம் எளியது. கிளாஸ் நம்முடையது, நினைத்த நேரத்தில் மாற்றலாம். ஆவணமோ ஒருமுறை எழுதப்பட்டு வெளியே போன பிறகு, அதைப் படிக்கும் எல்லாருக்கும் உரியதாகிவிடுகிறது. கிளாஸ் மட்டுமன்றி, அதை ஆவணமாக்கிய கருவியும் ஆவணத்துக்கு முன்பே மறைந்துபோகலாம். ஜாக்ஸ்பி 2006இல் ஜாவா 6உடன் சேர்ந்தே வந்தது. 2018இல் ஜாவா 11 வெளியானபோது அதிலிருந்து நீக்கப்பட்டது. பின்னர் அதன் தொகுப்புகளின் பெயர்களே மாறி, ஜகார்த்தா என்ற புதிய பெயரின் கீழ் வந்தன. இடைப்பட்ட ஆண்டுகளில் எழுதப்பட்ட ஆவணங்கள் இவற்றால் ஒரு எழுத்தும் மாறவில்லை. அவற்றை இன்றும் யாராவது படித்தாக வேண்டியிருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டைச் சற்று நெருங்கிப் பார்க்கலாம். ஒரு நோயாளியைப் பற்றிய விவரங்களை வைத்திருக்கும் கிளாஸில் எடை என்று ஒரு முழு எண் பண்பு இருக்கிறது என்று கொள்வோம். லைப்ரரி அதை <எடை>62</எடை> என்று எழுதுகிறது. ஓராண்டுக்குப் பிறகு, பெயர் இன்னும் தெளிவாக இருக்கட்டும் என்று எண்ணி ஒருவர் அந்தப் பண்புக்கு உடல்எடை என்று பெயர் மாற்றுகிறார். நிரல் பிழையின்றி ஓடுகிறது. புதிய நிரல் பழைய ஆவணத்தைப் படிக்கும்போது, எடை என்ற எலிமென்ட் அதற்குத் தெரியாத ஒன்றாகிவிடுகிறது. மேலே சொன்ன ஜாக்ஸ்பி 2, எக்ஸ்எம்எல்சீரியலைசர் ஆகிய இரண்டுமே, தனியாகக் கேட்டுக்கொள்ளாத வரை, தெரியாத எலிமென்ட்டைக் கண்டால் சத்தமின்றித் தாண்டிச் சென்றுவிடும். உடல்எடை என்ற பண்போ, முழு எண்ணுக்குரிய தொடக்க மதிப்பான 0இலேயே நின்றுவிடும். எடையை வைத்து மருந்தின் அளவைக் கணக்கிடும் நிரல் அந்த 0ஐ உண்மை என்று நம்பிக் கணக்குப் போடும். எங்கும் எச்சரிக்கை இல்லை, பதிவேட்டில் ஒரு வரி இல்லை. ஆவணத்தில் இதன் பெயர் எடை என்று அனோட்டேஷனில் ஒரே ஒரு வரி எழுதியிருந்தால், கிளாஸில் எத்தனை முறை பெயர் மாற்றினாலும் ஆவணம் அசைந்திருக்காது.

பெயரைக் காட்டிலும் சிக்கலானது, மதிப்பு இல்லாமையை எழுதும் முறை. அதே நோயாளிக்கு ஒவ்வாமை என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அந்த எலிமென்ட் ஆவணத்தில் இல்லவே இல்லை என்றால், நோயாளியிடம் யாரும் கேட்கவில்லை என்று பொருள் கொள்ளலாம். எலிமென்ட் இருந்து அதன் உள்ளே ஒன்றுமில்லை என்றால், கேட்டார்கள், எதுவும் இல்லை என்றார் என்று கொள்ளலாம். ஆவணத்தில் என்னென்ன, எந்த வகையில் வரலாம் என்று விதிக்கும் எக்ஸ்எம்எல் ஸ்கீமாவில் நில் என்ற அட்ரிபியூட்டும் உண்டு; மதிப்பு இல்லை என்பதை வெளிப்படையாகச் சொல்ல அது பயன்படும். மருத்துவருக்கு இவை வெவ்வேறு செய்திகள். ஆனால் ஜாக்ஸ்பியில் ஒரு பட்டியலை அப்படியே விட்டுவிட்டால், பட்டியலே உருவாக்கப்படாத நிலையும் உருவாக்கப்பட்டுக் காலியாக இருக்கும் நிலையும் ஆவணத்தில் ஒன்றுபோலவே தோன்றும். இரண்டிலும் எதுவும் எழுதப்படாது. பட்டியலைச் சுற்றி ஓர் உறை எலிமென்ட் வேண்டும் என்று அனோட்டேஷன் சேர்த்தால், காலிப் பட்டியலுக்கு வெற்று உறை எழுதப்படும், இல்லாத பட்டியலுக்கு ஒன்றும் எழுதப்படாது, வேறுபாடு காப்பாற்றப்படும். ஒவ்வாமை இல்லை என்பதற்கும் கேட்கவில்லை என்பதற்கும் உள்ள வேறுபாடு முக்கியமா என்பதை எந்த லைப்ரரியும் அறிந்திருக்க முடியாது. அந்தத் தரவைப் புரிந்துகொண்ட மனிதர்தான் முடிவு செய்ய வேண்டும்.

இதே இடத்தில் மாணவர்கள் பலர் நம்பி ஏமாறும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஜாக்ஸ்பி அனோட்டேஷனில் ஒரு பண்பைக் கட்டாயமானது என்று குறிக்கலாம். அப்படிக் குறித்தாலும், படிக்கும்போது அந்த எலிமென்ட் இல்லாத ஆவணத்தை அது தடுக்காது. கிளாஸிலிருந்து ஸ்கீமா உருவாக்கும்போதுதான் அந்தக் குறிப்புக்குப் பயன். தடுக்க வேண்டுமானால் ஸ்கீமாவைத் தனியே கொடுத்துச் சரிபார்க்கச் சொல்ல வேண்டும்.

எலிமென்ட்டா அட்ரிபியூட்டா என்ற கேள்வியை வெறும் ரசனை என்று அக்கட்டுரை ஒதுக்கிவிட்டது. அது ரசனை அன்று. ஓர் எலிமென்ட்டில் ஒரே பெயருள்ள அட்ரிபியூட் இரண்டு முறை வர முடியாது. அட்ரிபியூட்டின் உள்ளே வேறு எலிமென்ட்டுகளும் இருக்க முடியாது. எனவே இன்று ஒன்றாக இருக்கும் தொலைபேசி எண் நாளை இரண்டாகும் வாய்ப்பிருந்தால் அதை அட்ரிபியூட்டாக வைப்பது வழியை அடைத்துக்கொள்வதாகும். மேலும், அட்ரிபியூட்டின் மதிப்பில் நேரடியாக எழுதப்பட்ட வரிமுறிவை எக்ஸ்எம்எல் படிப்பான் வெற்றிடமாக மாற்றிவிட வேண்டும் என்பது எக்ஸ்எம்எல் விதியிலேயே இருக்கிறது. மருத்துவர் மூன்று வரிகளில் எழுதிய குறிப்பு அட்ரிபியூட்டில் அப்படியே போனால் ஒரே வரியாகத்தான் திரும்பி வரும். மனிதர் எழுதும் உரையை எலிமென்ட்டில் வைப்பதும், அடையாள எண், அலகு, மொழிக் குறி போன்றவற்றை அட்ரிபியூட்டில் வைப்பதும் பெரும்பாலும் நன்மை தரும். எடைக்கு அலகு="கிலோ" என்று ஓர் அட்ரிபியூட் சேர்க்க வேண்டுமானால், கிளாஸில் எடை வெறும் எண்ணாக இருக்க முடியாது; மதிப்பும் அலகும் கொண்ட சிறிய கிளாஸாக மாற வேண்டும். ஆவணத்தைப் பற்றிச் சிந்திப்பது கிளாஸையும் திருத்துகிறது என்பதற்கு இது நல்ல சான்று.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 00417 என்ற பதிவு எண்ணை முழு எண்ணாக வைத்தால் ஆவணத்தில் 417 என்றே போகும். பணத்தொகையை, பின்னங்களைப் பெரும்பாலும் தோராயமாகவே வைக்கும் இரட்டைத் துல்லிய மிதவை எண்ணாக வைப்பதும் தவறு. ஸ்கீமாவின் டெசிமல் வகைக்கு இணையாக ஜாவாவில் பிக்டெசிமல் இருக்கிறது. தமிழில் எலிமென்ட் பெயர் வைக்க எக்ஸ்எம்எல் இடம் தருகிறது. ஆனால் கொழுப்பு என்ற பெயரில் உள்ள ஒகரக் குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், இரண்டு குறிகளைச் சேர்த்தும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, படிப்பானுக்கு வெவ்வேறு பெயர்கள். இரண்டு பேர் வெவ்வேறு விசைப்பலகைச் செயலியில் தட்டினால் இந்தத் தொல்லை வரலாம்.

ஆப்ஜெக்ட்டுகள் ஒன்றையொன்று சுட்டி வலைபோல் நிற்பவை. ஆவணமோ மரம்போல் கிளைப்பது. மருத்துவரின் ஆப்ஜெக்ட்டில் நோயாளிகளின் பட்டியலும், ஒவ்வொரு நோயாளியின் ஆப்ஜெக்ட்டில் தம் மருத்துவரும் இருந்தால், எழுதத் தொடங்கும் நிரல் சுற்றிச் சுற்றி வந்து முடிவே காணாது; ஜாக்ஸ்பி அந்தச் சுழற்சியைக் கண்டுபிடித்துப் பிழை காட்டி நின்றுவிடும். எந்தத் திசையை எழுதுவது, எந்தத் திசையில் அடையாளத்தை மட்டும் குறிப்பது என்று நிரலர்தான் சொல்ல வேண்டும். அதற்கென ஸ்கீமாவில் உள்ள ஐடி என்ற அடையாள வகையின் மதிப்பு இலக்கத்தில் தொடங்கக் கூடாது என்பதையும் கவனிக்க வேண்டும். தரவுத்தளத்தில் உள்ள எண்ணை அப்படியே ஐடியாக்கினால் சரிபார்ப்பில் ஆவணம் தள்ளப்படும். முன்னால் ஓர் எழுத்தைச் சேர்த்துக்கொள்வது வழக்கம்.

வரிசையும் அப்படித்தான். டாட்நெட்டின் டேட்டாகான்ட்ராக்ட்சீரியலைசர், நாம் வரிசை சொல்லாவிட்டால், எலிமென்ட்டுகளை அகர வரிசையில் எழுதும். படிக்கும்போதும் அந்த வரிசையையே எதிர்பார்க்கும். கையால் எழுதிய ஆவணத்தில் இரண்டு எலிமென்ட்டுகள் இடம் மாறியிருந்தால், அவற்றுள் ஒன்று பிழைச் செய்தி இன்றியே விடுபட்டுப் போகலாம்.

பாதுகாப்பு பற்றிக் கட்டுரையில் ஒரு சொல்லும் இல்லாதது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தந்தது. எந்த கிளாஸை உருவாக்க வேண்டும் என்பதை ஆவணமே சொல்லும்படி விட்டால், ஆவணத்தை எழுதியவர் தாம் விரும்பியதை நம் கணினியில் இயக்க வழி கிடைத்துவிடும். ஜாவாவில் பரவலாகப் பயன்படும் எக்ஸ்ஸ்ட்ரீம் லைப்ரரியில் இவ்வகைக் குறைகள் பலமுறை வெளிப்பட்டு, இறுதியில் 2021இல் அனுமதிக்கப்பட்ட வகைகளை மட்டும் ஏற்பதே அதன் இயல்பு நிலையாக்கப்பட்டது. வெளியிலிருந்து வரும் ஆவணத்தை எந்தெந்த கிளாஸாக மட்டும் மாற்றலாம் என்ற பட்டியலும் மேப்பிங்கின் ஒரு பகுதியே.

தானியங்கி மேப்பிங்கே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒரே நிரல் எழுதி, அதே நிரல் படித்து, அன்றே அழித்துவிடும் தற்காலிகக் கோப்புக்கு அது போதும். ஸ்கீமாவை முதலில் எழுதி, அதிலிருந்து கிளாஸ்களை உருவாக்கிக்கொள்ளும் முறையையும் நான் மதிக்கிறேன். அங்கே சிந்தனை ஸ்கீமாவில் நடந்துவிடுகிறது. இப்போது எல்லாரும் ஜேசன் என்ற வேறொரு தரவு வடிவத்துக்கு மாறிவிட்டார்களே என்று சிலர் கேட்கலாம். அங்கே அட்ரிபியூட் பற்றிய கேள்வி எழாது என்பது உண்மை. பெயர் மாற்றம், மதிப்பு இல்லாமை, சுழற்சி, பாதுகாப்பு ஆகிய நான்கும் அப்படியே இருக்கின்றன.

ஆகவே அக்கட்டுரையின் தொடர்ச்சி வெளிவருமானால், மாணவர்களுக்கு ஒரு பயிற்சியையும் அதில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். நிரலின் ஒவ்வொரு வெளியீட்டிலும் அது எழுதிய ஆவணங்களுள் சிலவற்றை நிரலோடு சேர்த்தே சேமித்து வைக்க வேண்டும். எல்லாப் பண்புகளும் நிறைந்த ஒன்று, காலிப் பட்டியல்கள் கொண்ட ஒன்று, விருப்பத்துக்குரிய எலிமென்ட்டுகள் இல்லாத ஒன்று என அவை இருக்கட்டும். கிளாஸில் எந்த மாற்றம் செய்தாலும், புதிய நிரல் அந்தப் பழைய ஆவணங்களைப் படித்து, ஒவ்வொரு பண்பும் எதிர்பார்த்த மதிப்பைப் பெற்றதா என்று சோதிக்க வேண்டும். பிறகு மீண்டும் எழுதி, பழையதோடு ஒப்பிட வேண்டும். எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டால், அட்ரிபியூட்டுகளின் வரிசை மாறியது போன்ற பொருளற்ற வேறுபாடுகளும் பிழையாகத் தெரியும் என்பதால், இரண்டையும், இத்தகைய வேறுபாடுகளை நீக்குவதற்காக டபிள்யூ3சி வகுத்த கேனானிக்கல் எக்ஸ்எம்எல் வடிவத்துக்கு மாற்றிய பின் ஒப்பிடுவது நல்லது. நோயாளி கிளாஸில் எடையின் பெயரை மாற்றியவர் இந்தச் சோதனையை ஓட்டியிருந்தால், 62 வர வேண்டிய இடத்தில் 0 வந்திருப்பது அன்றே அவர் கண்ணில் பட்டிருக்கும்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாசகன்,
மென்பொருள் பொறியாளர்