பெயர் சொல்லாமல் போனை வைத்துவிட்ட தம்பிக்கும், மற்ற எல்லாருக்கும்

கர்த்தருக்குள் அன்பானவர்களுக்கு,

சபை வாலிபர் பொறுப்பாளர்களோடு மலைக்குப் போய், மழையில் ஓடையைக் கடக்க முடியாமல் இரவு முழுக்க மேலேயே மாட்டிக்கொண்ட நம் பிள்ளைகள் அத்தனை பேரும் வீடு வந்து சேர்ந்துவிட்டார்கள். என் மகள் உள்ளே தூங்குகிறாள். நடந்தது என்ன என்று உங்களுக்குத் தெரியும், எங்களோடு கண்விழித்தவர்கள்தானே நீங்கள். முழுவதையும் திரும்பச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. நன்றியை மட்டும் இன்றைக்கே சொல்லிவிடுகிறேன்.

முதல் நன்றி ஒரு தம்பிக்கு. குரலை வைத்துப் பார்த்தால் இளைஞர்தான். தனியாக மலையேறிவிட்டு இறங்கி வந்துகொண்டிருந்தவர், வழியில் நம் பிள்ளைகளைப் பார்த்திருக்கிறார். அங்கே யாருக்கும் சிக்னல் இல்லை. வாலிபர் பொறுப்பாளர் வரைபடத்தின் ஓரத்தைக் கிழித்து, பிள்ளைகளின் பெயரையும் எங்கள் எண்களையும் எழுதிக் கொடுத்திருக்கிறார். அடிவாரத்தில் தகவல் சொன்னதோடு அவர் தன் வழியே போயிருக்கலாம், யாரும் குறை சொல்லப்போவதில்லை. அவரோ மீட்புக் குழுவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, அந்த மழையில் நின்றுகொண்டே ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டார்.

"எல்லாரும் பத்திரமா இருக்காங்க" என்று மட்டும் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்க மாட்டேன். அப்படித்தானே எல்லாரும் சொல்வார்கள்! அவர் சொன்னது இது: "அம்மா, உங்க பொண்ணு சிவப்புக் குல்லா போட்டிருக்கு. இடது குதிகால்ல கொப்புளம், பிளாஸ்திரி ஒட்டியிருக்காங்க. வலிக்குதான்னு கேட்டேன், இல்லைன்னு சொல்லுது. ஆனா நொண்டுது."

அந்த "ஆனா நொண்டுது"வில்தான் எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. என் மகளேதான், சந்தேகமே இல்லை. பிறகு, தினமும் எடுக்கிற மருந்து ஏதாவது உண்டா, மூச்சிரைப்பு உண்டா என்று கேட்டு, மேலே போகிறவர்களிடம் சொல்வதாகச் சொன்னார். பெயரைக் கேட்பதற்குள் அடுத்த வீட்டுக்குப் பேசணும் என்று வைத்துவிட்டார். இன்னொரு தாய் சொன்னார்: தாளில் இருந்த தன் எண்ணில் ஓர் இலக்கம் நனைந்து 1ஆ 7ஆ என்று தெரியாமல், அந்தத் தம்பி முதலில் யாரோ ஒருவரை எழுப்பி மன்னிப்புக் கேட்டுவிட்டு, அப்புறம் தன்னைப் பிடித்தாராம்.

வாலிபர் பொறுப்பாளர்களுக்கு நன்றி. ஓடையைக் கடந்து வந்திருக்கலாமே என்று இப்போது சிலர் கேட்கிறார்கள். முழங்காலளவு தண்ணீரே வேகமாக ஓடினால் ஆளைச் சாய்த்துவிடும், கேட்கிறவர்கள் ஒரு கால் வைத்துப் பார்க்கட்டும். நனைந்த உடையை மாற்றவைத்து, தரையின் குளிர் ஏறாமல் முதுகுப்பைகள்மேல் உட்காரவைத்து, இரவு முழுக்க ஒவ்வொருவராகப் பேச்சுக் கொடுத்திருக்கிறார்கள். நடுங்குகிற பிள்ளையைவிட, நடுக்கம் நின்று பேச்சுக் குழறுகிற பிள்ளைக்குத்தான் ஆபத்து அதிகமாம். அது தெரிந்தவர்கள் அங்கே இருந்தது கர்த்தருடைய கிருபை.

விசிலை மும்மூன்று முறையாக விடாமல் ஊதிய பெரிய பிள்ளைகளுக்கும், விடியுமுன்னே மேலேறிய மீட்புக் குழுவினருக்கும், ஆலயத்தில் முழங்காலில் நின்ற சபையாருக்கும், போதகர் ஐயாவுக்கும், லைன் காலியாக இருக்கட்டும் என்று போன் செய்யாமல் காத்திருந்த உறவினர்களுக்கும் நன்றி. வதந்தி அனுப்பியவர்களையும் ஆண்டவர் மன்னிப்பாராக, நான் இன்னும் கொஞ்ச நாள் எடுத்துக்கொள்கிறேன்.

மறுபடி அனுப்புவாயா என்று கேட்கிறார்கள். அனுப்புவேன். அடுத்த முறை பிள்ளைகளின் பெயர், வீட்டு எண், மருந்து விவரம் எல்லாவற்றையும் பென்சிலில் எழுதி, பிளாஸ்டிக் உறையில் போட்டு இரண்டு பிரதி நானே தருகிறேன்; பென்சில் எழுத்து மழையில் கரையாது. போகிற வழியும் திரும்புகிற நேரமும் எழுதிய தாள் ஒன்று ஆலய அலுவலகத்தில் இருக்கட்டும். பொறுப்பாளர்களுக்கு முதலுதவிப் பயிற்சி வைக்கும்போது என் பெயரையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

அந்தத் தம்பியைத் தெரிந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், தயவுசெய்து அவரிடம் காட்டுங்கள்.

இப்படிக்கு,
பிள்ளைகளில் ஒருத்தியின் தாய்