தண்ணீர் லாரி வரிசையில் ஒரு கூட்டம்

ஆசிரியர் அவர்களுக்கு,

2022 ஏப்ரல் வெள்ளம் தென்னாப்பிரிக்காவில் எங்கள் ஊரான டோங்காட்டின் குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தைச் சிதைத்துவிட்டது. மாதக்கணக்கில் லாரித் தண்ணீர்தான். (மற்ற ‘தண்ணி’க்குப் பஞ்சமே இல்லை!) அப்போது நான் குடியை விட்டு 11 மாதம். சேறு அள்ளிய களைப்புக்கென்று பக்கத்து வீட்டு அண்ணன் பிராந்தி டம்ளரை நீட்டினார். அன்பில்தான். வாங்கிய கை நடுங்கியது, திருப்பிக் கொடுத்தேன். குடியை விட நினைப்பவர்கள் கூடி ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ‘ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ்’ கூட்டம் நடக்கும் அறைக்குள் முழங்கால் சேறு. மறுநாள் லாரி வரிசையில் கூட்டத்து நண்பரைப் பார்த்தேன். வாளிகளைக் கவிழ்த்து உட்கார்ந்து பேசினோம். வாரக் கடைசியில் நால்வரானோம்.

நிவாரணம் தருவோருக்கு ஒரு வேண்டுகோள்: அரிசி பருப்போடு எங்களுக்குக் கூட்டம் நடத்த ஓர் அறையும் ஒதுக்குங்கள். குடி திடீரென நின்றால் சிலருக்கு வலிப்பே வரும்; நடுங்குபவரைக் கேலி செய்யாமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.

ஒரு வாசகர், டோங்காட்