ராசிபலனுக்குக் கீழே நாலு வரி

மதிப்புக்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

ராயப்பேட்டையில் சின்னதாக ஒரு ஆஃப்செட் அச்சகம் நடத்துகிறேன். உங்கள் பேப்பர் அப்பா காலத்திலிருந்து வீட்டுக்கு வருகிறது. அப்பா ஈய எழுத்து கோர்த்த கம்பாசிட்டர், அதனால் காலையில் பேப்பரைப் பிரித்ததும் செய்திக்கு முன்னால் எழுத்துப் பிழையைத்தான் தேடுவார், எனக்கும் அந்தப் புத்தி வந்துவிட்டது. ஆனால் இந்தக் கடிதம் பிழையைப் பற்றியது இல்லை. ‘இன்றைய நிகழ்ச்சிகள்’ என்று தினமும் ஒரு பகுதி போடுகிறீர்களே, அதில் கும்பாபிஷேகம் இருக்கிறது, உபன்யாசம் இருக்கிறது, பட்டிமன்றம், கண் சிகிச்சை முகாம், கட்சிக் கூட்டம் எல்லாம் இருக்கிறது. ஓவியக் கண்காட்சி மட்டும் இல்லை. எப்போதாவது வந்தாலும் அது முடிந்துபோன திறப்பு விழாவின் செய்தியாக வருகிறது. யார் குத்துவிளக்கு ஏற்றினார், யார் பொன்னாடை போர்த்தினார், கடைசி வரியில் ‘ஓவியங்கள் பார்வையாளர்களை வெகுவாகக் கவர்ந்தன’. கூடவே ஒரு போட்டோ. அதில் விருந்தினர்கள் வரிசையாக நின்று படத்தை முழுசாக மறைத்துக்கொண்டிருப்பார்கள்.

அச்சுக்காரனுக்கு ஓவியத்தில் என்ன அக்கறை என்று கேட்பீர்கள். பன்னிரண்டு பதிமூன்று வருஷம் முன்னால் எனக்கும் அக்கறை இல்லைதான். அப்போது ஒரு ஓவியர் தன் கண்காட்சிக்கு கேட்லாக் அடிக்க வந்தார். நாலு கலர், பதினாறு பக்கம், ஐந்நூறு பிரதி. முதல் ப்ரூஃபை, அதாவது சரிபார்க்க அடிக்கிற மாதிரித் தாளை, பார்த்துவிட்டு, “இது என் சிவப்பு இல்லையே” என்றார். எங்கள் தொழிலில் இது தினமும் கேட்கிற பாட்டு, கல்யாணப் பத்திரிகைக்காரரும் இதையேதான் சொல்வார். மெஜந்தாவை ஏற்றினேன், மஞ்சளைக் கொஞ்சம் இறக்கினேன், கறுப்பில் ஒரு பொட்டு சேர்த்தேன். மூன்றாவது ப்ரூஃபுக்கும் அதே தலையாட்டல். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் ஒன்றும் சொல்லாமல் ஆட்டோவைக் கூப்பிட்டு, கிரீம்ஸ் சாலையில் இருக்கும், மத்திய அரசின் கலை அமைப்பான லலித் கலா அகாடமிக்கு என்னை ஏற்றிக்கொண்டு போனார். அங்கே அந்தப் படம் மாட்டியிருந்தது. சிவப்பு என்று நான் நினைத்தது ஒரு சிவப்பே இல்லை. அடியில் நீலம், அதன் மேல் ஏதோ ஒரு பச்சையைப் பூசிச் சுரண்டியிருக்கிறார், அதற்கு மேல் கெட்டியாகச் சிவப்பு, ஓரங்களில் அடி நிறம் எட்டிப் பார்க்கிறது. ஒரு அடி தள்ளி நின்றால் வேறு மாதிரி தெரிகிறது. “சார், நாலு கலர்ல இதை அடிக்க முடியாது, மன்னிச்சுக்குங்க” என்றேன். “அதைக் காட்டத்தான் கூட்டிட்டு வந்தேன்” என்றார்.

கேட்லாக் என்னவோ என் சிவப்பில்தான் போனது.

அன்றைக்கு அதே வளாகத்தில் ஓவியர்கள் வேலை செய்யும் ஸ்டுடியோக்களையும் காட்டினார். கிராஃபிக்ஸ் பிரிவில் ஒருவர் துத்தநாகத் தகட்டில் மெழுகு பூசி, அதில் ஊசியால் கீறி, ஆசிட்டில் போட்டு எடுத்து, மை தடவி, துணியால் பொறுமையாகத் துடைத்து, ஈரப்படுத்திய கெட்டித் தாளை மேலே வைத்து ஒரு பெரிய சக்கரத்தைக் கையால் சுற்றினார். மொத்தம் பத்துப் பிரதி. ஒவ்வொன்றின் அடியிலும் பென்சிலால் 1/10, 2/10 என்று எண் போட்டுக் கையெழுத்து. நாங்கள் ஆயிரம் நோட்டீஸ் அடிப்பதற்கு முன்னால் நிறங்கள் ஒன்றன் மேல் ஒன்று பிசகாமல் விழும்படி ரிஜிஸ்டர் சரி செய்யவே ஐம்பது தாளை வேஸ்ட்டாகத் தள்ளுகிறவர்கள், இங்கே ஒரு மனுஷன் பத்துத் தாளுக்காக ஒரு வாரமாக உட்கார்ந்திருக்கிறார். அப்புறம் கல்லச்சு. சுண்ணாம்புக் கல்லில் எண்ணெய்ப் பசையுள்ள பென்சிலால் வரைவது, கல்லை நனைப்பது, மை உருட்டுவது. தண்ணீர் நிற்கும் இடத்தில் மை ஒட்டாது, பசை இருக்கும் இடத்தில் மட்டும் ஒட்டும். 1796 வாக்கில் ஜெர்மனியில் செனஃபெல்டர் கண்டுபிடித்த இந்த ஒரே தந்திரத்தில்தான் என் ஆஃப்செட் மெஷினும் ஓடுகிறது, உங்கள் பேப்பரை அடிக்கிற மெஷினும் ஓடுகிறது. இருபது வருஷம் சோறு போட்ட தொழிலின் தாத்தாவை முதல் முறை நேரில் பார்த்தது ஒரு ஓவியரின் பட்டறையில்! அதற்கு அங்கே யாரும் ஒரு ரூபாய் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமை மதியம் சும்மா இருப்பதில்லை. முதலில் மனைவிக்கு நம்பிக்கை இல்லை, இப்போது அவளே எங்கே போகிறோம் என்று கேட்கிறாள். ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டல் ஓவியர் கிராமத்துக்கு மூன்று முறை போயிருக்கிறோம். சென்னை அரசு கலைப் பள்ளியின் (இப்போதைய கலைக் கல்லூரி) முதல்வராக இருந்த ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர், ஓவியர்கள் வயிற்றுப்பாட்டுக்காக ஏதோ ஒரு வேலைக்குப் போய் வரைவதையே விட்டுவிடுகிறார்கள் என்று பார்த்து, தன் மாணவர்களையும் நண்பர்களையும் சேர்த்துக்கொண்டு 1966-ல் கடற்கரையோரம் தொடங்கியது அது. அரசாங்கம் இடம் கொடுக்கவில்லை. மெழுகு வைத்துச் சாயம் ஏற்றும் பாத்திக் துணி மாதிரியான கைவினைப் பொருள்களைச் செய்து விற்ற காசில் நிலம் வாங்கி, அங்கேயே வீடு கட்டி, அங்கேயே வரைந்தார்கள். 2009-லிருந்து உள்ளே ஒரு மியூசியம் இருக்கிறது. ஜானகிராம் தாமிரத் தகட்டைத் தட்டிச் செய்த சிற்பங்களைப் பார்த்துவிட்டு என் மகள், “அப்பா, சாமி கவசம் மாதிரி இருக்கு” என்றாள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நவீன ஓவியம் நமக்குப் புரியாது என்று சொல்கிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன், அது எங்கிருந்தோ வந்து இறங்கியது இல்லை.

பணிக்கர் 1963-லிருந்து வரைந்த ‘சொற்களும் குறியீடுகளும்’ வரிசையை நான் முதலில் ஒரு பழைய கேட்லாக்கில்தான் பார்த்தேன். ஜாதகக் கட்டம் போலக் கட்டங்கள், கணக்கு நோட்டு போலக் கோடுகள், பக்கம் முழுக்கப் பொடி எழுத்து. மலையாளம் என்று நினைத்து, மலையாளம் தெரிந்த மெஷின்மேனைக் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன். அவர் கண்ணாடியைத் துடைத்துவிட்டு இரண்டு முறை பார்த்தார், எந்த மொழியும் இல்லை என்றார். எழுத்து மாதிரி இருக்கிறது, எழுத்து இல்லை. கம்பாசிட்டர் மகனுக்கு இதைவிட எரிச்சலூட்டும் படம் வேறு உண்டா? ஒரு வாரம் கல்லாவுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தேன்.

ஆனால் இவர்களெல்லாம் தமிழ் வாசகனுக்கு அந்நியர்களாக இருந்ததில்லை, அதுதான் என் ஆதங்கம். துறையூருக்குப் பக்கத்துக் கீராம்பூரில் பிறந்து சென்னைக் கலைக் கல்லூரியில் படித்த ஓவியர் ஆதிமூலத்தை எங்கள் தலைமுறை கேலரியில் பார்க்கவில்லை, பத்திரிகையில்தான் பார்த்தது. கி. ராஜநாராயணன் எழுத்துக்கு அவர் போட்ட கோட்டோவியங்கள் வார இதழில் வந்தபோது, எழுத்துக் கூட்டிப் படிக்கிற எங்கள் பாட்டிகூடப் படத்தைப் பார்த்து “நம்ம ஊரு கிழவன்” என்றாள். சிறுபத்திரிகைகளும் புத்தக அட்டைகளும் அவருடைய கோடுகளாலும் எழுத்து வடிவங்களாலும் நிறைந்திருந்தன. ஆக, நவீன ஓவியத்தைத் தமிழ் வீட்டுக்குள் கொண்டுவந்ததே உங்கள் தொழில்தான். எப்போது நிறுத்தினீர்கள்?

எழும்பூர் மியூசியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய ஆட்கள் செத்த காலேஜ் என்பார்கள். திமிங்கில எலும்புக்கூட்டைப் பார்க்கக் கூட்டம், வெண்கலச் சிலைகளைப் பார்க்கவும் கூட்டம். அதே காம்பவுண்டில் சமகால ஓவியத்துக்கும் ஒரு கட்டிடம் இருக்கிறது, நான் போன நாளில் நானும் என் மகளும் ஒரு மின்விசிறியும்தான். இன்னொரு முறை வெள்ளிக்கிழமை போய்ப் பூட்டிய கேட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பினேன். வெள்ளி விடுமுறை என்று எனக்குத் தெரியாது. உங்கள் பேப்பர் சொல்லியிருந்தால் தெரிந்திருக்கும்! மெரினாவில் உழைப்பாளர் சிலைக்குக் கீழே சந்திக்கலாம் என்று சொல்லாத சென்னைக்காரர் இல்லை. அது 1959-லிருந்து அங்கே நிற்கிறது, அதைச் செய்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி நம் கலைப் பள்ளியின் முதல்வராக இருந்தவர் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? தேசிய நவீன ஓவியக் கூடம் டெல்லியில் இருக்கிறது, மும்பையில் இருக்கிறது, 2009-லிருந்து பெங்களூரிலும் இருக்கிறது. 1850-லேயே கலைப் பள்ளி தொடங்கிய ஊருக்கு இன்னும் வரவில்லை. அது பெரிய சண்டை, இந்தக் கடிதத்தில் அடங்காது.

தனியார் கேலரிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெரும்பாலான இடங்களில் நுழைய டிக்கெட் கிடையாது, ஆனால் கண்ணாடிக் கதவும் ஏசியும் பார்த்தாலே நம் ஆட்கள் செருப்பை வெளியே கழற்றலாமா என்று யோசிக்கிறார்கள். ஒரு இடத்தில் காவலாளி என் கையில் ஒட்டியிருந்த மையைப் பார்த்துவிட்டு, “டெலிவரியா? பின்பக்கம் போங்க” என்றார். அவர் மேல் தப்பில்லை, அந்த வாசலில் என்னை மாதிரி ஆட்களை அவர் பார்த்ததில்லை. உள்ளே போனால் படத்துக்குப் பக்கத்து அட்டை முழுக்க இங்கிலீஷ். அதுவும் இங்கிலீஷ் தெரிந்தவருக்கே புரியாத இங்கிலீஷ். தமிழில் ரெண்டு வரி அடிக்க எவ்வளவு ஆகும் என்று எனக்குத் தெரியும், அது ஒரு செலவே இல்லை.

சுவரே கேலரியாக மாறிய இடமும் நம் ஊரில் இருக்கிறது. ஆற்றோரங்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுபோய்க் குடியமர்த்தப்பட்டவர்கள் இருக்கும் கண்ணகி நகரில் 2020-ல் அடுக்குமாடிச் சுவர்களில் பெரிய பெரிய ஓவியங்கள் வரைந்தார்கள். எங்கள் பைண்டிங் பிரிவில் வேலை செய்யும் அக்கா அங்கிருந்துதான் வருகிறார். “முன்னாடி ஏரியா பேர் சொன்னாலே ஆட்டோ வராது, இப்ப கேமராவோட வர்றாங்க” என்றார். அதே மூச்சில், “சுவர் அழகாயிருக்கு தம்பி, வேலைக்கு வர ரெண்டு பஸ் மாறணுமே, அதை யார் பார்ப்பா?” என்றார். இரண்டுமே நிஜம். ஓவியம் வரைந்தது வீண் என்று நான் சொல்ல மாட்டேன், அவரும் சொல்லவில்லை. ஆனால் வரைந்தவர்களைப் பற்றி வந்த அளவுக்கு அந்தச் சுவருக்குள் குடியிருப்பவர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று செய்தி வரவில்லை. உங்கள் நிருபர் ஒருவர் ஒரு நாள் சாயங்காலம் போய்க் கேட்கலாம்.

சரி, நான் கேட்பது விமர்சனக் கட்டுரை இல்லை, தனி இணைப்பும் இல்லை. வாரத்துக்கு ஒரு முறை, சனிக்கிழமையன்று, நாலு வரி. எங்கே, யாருடைய படம், எந்தத் தேதி வரை, காசு உண்டா இல்லையா. கலைக் கல்லூரி மாணவர்கள் கண்காட்சி வைத்தால் அதையும் சேருங்கள், ஓவியர் யாராவது பட்டறையைத் திறந்துவைத்து வரச் சொன்னால் அதையும் சேருங்கள். சென்னை மட்டும் இல்லாமல் மதுரை, கோவை, கும்பகோணத்துக்கும்.

இடம் இல்லை என்பீர்கள். போன சனிக்கிழமைப் பேப்பரை ஸ்கேல் வைத்து அளந்தேன். ராசிபலனுக்குக் கீழே ஒன்றரை அங்குலம் வெள்ளையாகக் கிடக்கிறது. எட்டு பாயிண்ட் அளவு எழுத்தில் ஆறு வரிகூடப் போகும். விவரம் சேர்க்க ஆள் இல்லை என்றால் சொல்லுங்கள், வியாழக்கிழமை தோறும் நாலைந்து இடத்துக்கு நானே போன் போட்டுக் கேட்டு எழுதி அனுப்புகிறேன். ப்ரூஃப் பார்த்தே அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகன்,
ராயப்பேட்டை, சென்னை