தட்டுகள் தனித்தனியாகவே இருக்கட்டும்

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பணி ஓய்வுக்குப் பிறகு தொலைக்காட்சி நிகழ்ச்சிகளைப் பதிவு செய்ய நீயே ஒரு கணினியை அமைத்துக்கொண்டாய் என்ற செய்தியும், ஒளிபரப்பைப் பிடிக்கும் ட்யூனர்கள் இரண்டும் ஓயாமல் உழைப்பதால் அதில் இடமே இல்லாமல் போய்விட்டது என்ற புலம்பலும் ஒரே பக்கத்தில் இருந்ததைப் படித்துச் சிரித்துவிட்டேன். அலமாரியில் சும்மா கிடக்கும் 500 ஜிபி, 1 டிபி, 2 டிபி வன்தட்டுகளை, புதிதாக வாங்கிய 4 டிபி தட்டுடன் இணைத்து ஒரே பெரிய தட்டாக ஆக்கிவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். ஆக்கலாம், அதற்கு வழிகளும் பல உண்டு. ஆனால் நீ நினைக்கிற விதத்தில் ஆக்க வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். ஒளிபரப்பு வினாடிக்கு எத்தனை மெகாபிட் வேகத்தில் வருகிறது என்று தெரிந்தால், அந்த எண்ணை 0.45 ஆல் பெருக்கு. ஒரு மணி நேரப் பதிவு எத்தனை ஜிபி பிடிக்கும் என்பது கிடைத்துவிடும். 4 மெகாபிட்டில் வரும் சாதாரணத் தரச் சேனல் மணிக்கு 1.8 ஜிபி பிடிக்கும். 8 மெகாபிட்டில் வரும் எச்.டி. சேனல் 3.6 ஜிபி பிடிக்கும். உன்னிடம் உள்ள நான்கு தட்டுகளின் மொத்தம் 7.5 டிபி. அதில் 2,000 மணி நேரத்துக்கும் மேலான எச்.டி. பதிவுகள் அடங்கும். இத்தனையையும் எப்போது உட்கார்ந்து பார்க்கப் போகிறாய் என்று கேட்க மாட்டேன். என் வீட்டிலும் அதே கதைதான்.

இணைத்தால் வேகமும் கூடும் என்று யாரோ உன்னிடம் சொல்லியிருக்கிறார்கள். உண்மைதான், பல தட்டுகளை ஒன்றாக இயக்கும் ரெய்டு ஏற்பாட்டில் ரெய்டு 0 என்ற முறையில் ஒவ்வொரு கோப்பையும் துண்டுதுண்டாக எல்லாத் தட்டுகளிலும் பரப்பி எழுதுவதால் வேகம் கூடும். ஆனால் அந்த வேகத்தால் உனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை. நான்கு எச்.டி. நிகழ்ச்சிகளை ஒரே நேரத்தில் பதிவு செய்தாலும் வினாடிக்கு 4 மெகாபைட் எழுதினால் போதும். ஓரளவு பழைய தட்டுகூட வினாடிக்கு 100 மெகாபைட் அளவில் எழுதும். ரெய்டு 5 ஒரு தட்டு பழுதானாலும் தாங்கும் என்றாலும், எல்லாத் தட்டுகளையும் இருப்பதிலேயே சிறியதன் அளவுக்குக் குறுக்கித்தான் கணக்கில் எடுத்துக்கொள்ளும். உன் 500 ஜிபி தட்டை அதில் சேர்த்தால் 7.5 டிபியில் உனக்குக் கிடைப்பது வெறும் 1.5 டிபி. வேறுவேறு அளவுத் தட்டுகளை வைத்திருப்பவனுக்கு அது ஒத்துவராது.

மிஞ்சுவது எல்விஎம் என்ற கருவி. லினக்ஸில் பலரும் முதலில் இதைத்தான் பரிந்துரைப்பார்கள், அதற்குக் காரணமும் இருக்கிறது. தட்டுகளையெல்லாம் ஒரு தொகுப்பில் சேர்த்து அதிலிருந்து ஒரே பெரிய பகுதியை வெட்டி எடுத்துக்கொள்ளலாம். பிற்பாடு இன்னொரு தட்டு வாங்கினால், பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போதே அந்தப் பகுதியை நீட்டிவிட்டு, அதன் மேலுள்ள கோப்பு முறைமையையும் (எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று கணக்கு வைக்கும் அமைப்பு) பெரிதாக்கிவிடலாம். ஒரு தட்டு தள்ளாடத் தொடங்கினால், அதிலுள்ளவற்றை மற்றத் தட்டுகளுக்கு நகர்த்திவிட்டு அதைத் தொகுப்பிலிருந்து விலக்கும் வசதியும் அதில் உண்டு. நன்றாகச் செய்யப்பட்ட கருவி, மறுக்கவில்லை. ஆனால் தட்டு எப்போதும் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டுத்தான் நிற்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. நான்கு தட்டுகளின் மேல் ஒரே கோப்பு முறைமை பரவியிருக்கும்போது ஒன்று திடீரென்று நின்றால், மற்ற மூன்றும் நலமாக இருந்தும் அவற்றிலுள்ள பதிவுகளை எளிதில் எடுக்க முடியாது. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்ற குறிப்புகளில் ஒரு பங்கு இறந்த தட்டோடு போயிருக்கும். மீட்பு மென்பொருளை வைத்துக்கொண்டு போராட வேண்டியதுதான். ஒரு தட்டு ஓர் ஆண்டில் பழுதாகும் வாய்ப்பு 3 சதவீதம் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொண்டால், நான்கில் ஏதாவது ஒன்று பழுதாகும் வாய்ப்பு 11 சதவீதத்தைத் தாண்டுகிறது. அதாவது, தட்டுகளைக் கூட்டக் கூட்ட இடம் பெருகுவதோடு, எல்லாவற்றையும் ஒருசேர இழக்கும் வாய்ப்பும் பெருகுகிறது.

நிகழ்ச்சிப் பதிவுகளின் இயல்பையும் யோசித்துப் பார். அவை ஒன்றோடொன்று தொடர்பில்லாத தனித்தனிக் கோப்புகள். எந்த ஒரு கோப்பும் ஒரு தட்டில் அடங்காத அளவுக்குப் பெரிதாவதில்லை. அப்படியிருக்க, தட்டுகளை அடிமட்டத்தில் ஒட்டவைக்க வேண்டிய தேவைதான் என்ன? ஒவ்வொன்றும் தன் சொந்தக் கோப்பு முறைமையோடு தனிக்குடித்தனம் இருக்கட்டும்; வாசல் மட்டும் ஒன்றாக இருந்தால் போதும். நான் பயன்படுத்தும் மித்டிவி என்ற பதிவு மென்பொருளில் சேமிப்புக் குழு என்ற ஏற்பாடு இதைத் தானாகவே செய்துவிடுகிறது. பல கோப்புறைகளை அதனிடம் காட்டிவிட்டால், புதிய பதிவை எந்தத் தட்டில் எழுதுவது என்பதை, எதில் இடம் இருக்கிறது, எது அப்போது வேலையாக இருக்கிறது என்பதைப் பார்த்து அதுவே முடிவு செய்துகொள்ளும். போன மாதம் என் தட்டு ஒன்று சத்தமில்லாமல் நின்றுபோனது. அதிலிருந்த நெடுந்தொடர் ஒன்று போனதே தவிர, மற்றத் தட்டுகளில் இருந்தவற்றை அன்றிரவும் வழக்கம்போலப் பார்த்தோம். வீட்டில் அந்தத் தொடருக்காக வருந்தியவர் எவரும் இல்லை என்பது வேறு விஷயம்.

நீ பயன்படுத்தும் டிவிஹெட்எண்ட் என்ற மென்பொருள், பதிவுகளுக்கு ஒரே ஒரு கோப்புறையைத்தான் கேட்கும். அதனால் உனக்கு மெர்ஜர்எஃப்எஸ் என்ற கருவி வேண்டும். நான்கு தட்டுகளில் உள்ள கோப்புறைகளையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே கோப்புறையாகக் காட்டுவதுதான் அதன் வேலை. எந்தக் கோப்பையும் அது துண்டாக்குவதில்லை. ஒரு தட்டைக் கழற்றி வேறு கணினியில் மாட்டினாலும் அதிலுள்ள பதிவுகள் அப்படியே முழுதாக இருக்கும்.

அதில் இரண்டு அமைப்புகளை மட்டும் கவனி. முதலாவது, புதிய கோப்பை எங்கே உருவாக்குவது என்ற கொள்கை. ஏற்கெனவே அந்தக் கோப்புறை இருக்கும் தட்டிலேயே எழுதும் வகைக் கொள்கையைத் தேர்ந்தெடுத்தால், ஒரு தொடரின் எல்லாப் பகுதிகளும் ஒரே தட்டில் குவிந்து, பக்கத்துத் தட்டு காலியாக இருக்கும்போதே இதில் இடமில்லாமல் போகும். மிகுதியான காலியிடம் உள்ள தட்டில் எழுதும் கொள்கையே உனக்கு நல்லது. தொடக்கத்தில் எல்லாம் 4 டிபி தட்டுக்கே போகும், போகட்டும். இரண்டாவது, குறைந்தபட்சக் காலியிடம். இயல்பாக அது 4 ஜிபி. பதிவு தொடங்கும் நேரத்தில் கோப்பின் அளவு பூஜ்யம். அது எவ்வளவு வளரப் போகிறது என்பது மெர்ஜர்எஃப்எஸ்ஸுக்குத் தெரியாது. 5 ஜிபி மட்டுமே மிச்சமிருக்கும் தட்டில் ஏறக்குறைய 11 ஜிபி பிடிக்கும் மூன்று மணி நேர எச்.டி. நிகழ்ச்சியைத் தொடங்கிவிட்டு, பாதியில் திண்டாடும். இரண்டு ட்யூனர்களும் ஒரே தட்டில் எழுத நேரலாம் என்பதால் அந்த எல்லையை 40 ஜிபி என்று வைத்துவிடு.

இன்னொரு பொறியும் இருக்கிறது. கணினி தொடங்கும்போது ஒரு தட்டின் கேபிள் தளர்ந்திருந்து அது இணையாமல் போனால், அதற்கென்று ஒதுக்கிய வெறுங்கோப்புறை மட்டும் இயங்குதளம் இருக்கும் தட்டில் நிற்கும். பதிவுகள் அதற்குள்ளேயே எழுதப்பட்டு இயங்குதளத் தட்டை நிரப்பிவிடக்கூடும். பிறகு கணினி ஏன் முடங்கியது என்று தலையைப் பிய்த்துக்கொள்ள வேண்டும். தட்டை மாட்டுவதற்கு முன்பே அந்த வெறுங்கோப்புறையை எதையும் எழுத முடியாதபடி பூட்டிவிட்டால் இந்தத் தொல்லை வராது. லினக்ஸில் அதற்கு ஒரே ஒரு கட்டளைதான். தட்டுகளை இணைப்பு வரிசையை வைத்து அடையாளப்படுத்தாமல், ஒவ்வொன்றுக்கும் உரிய தனி அடையாளமான யூயூஐடி எண்ணை வைத்தே, கணினி தொடங்கும்போது இணைக்க வேண்டிய தட்டுகளின் பட்டியலில் எழுது. ஈஎக்ஸ்டி4 என்ற கோப்பு முறைமையில் ஃபார்மட் செய்தால், நிர்வாகிக்கென்று 5 சதவீத இடத்தை அது இயல்பாகவே ஒதுக்கிவிடும். 4 டிபி தட்டில் அது 200 ஜிபி, அதாவது 55 மணி நேர எச்.டி. பதிவு. வெறும் பதிவுகள் மட்டுமே இருக்கும் தட்டில் அந்த ஒதுக்கீட்டைத் தயங்காமல் பூஜ்யமாக்கிவிடு.

உன் பேரக்குழந்தைகளின் வீடியோக்களையும் இதே தொகுப்பில் போடுவதாக எழுதியிருந்தாய். அதற்கு நான் உடன்பட மாட்டேன். நிகழ்ச்சிகள் போனால் மறுஒளிபரப்பு வரலாம், வராமலும் போகலாம். குழந்தையின் முதல் நடை அப்படியல்ல. அவற்றை இன்னொரு தட்டில் நகலெடுத்து, கணினியிலிருந்து கழற்றி வேறிடத்தில் வை.

பழைய தட்டுகளை மாட்டும் முன் ஒவ்வொன்றையும், தட்டு தன் நலத்தைத் தானே சோதித்துக்கொள்ளும் ஸ்மார்ட் நீள்சோதனைக்கு உட்படுத்து. பெரிய தட்டுக்குப் பல மணி நேரம் ஆகும், இரவில் ஓடவிடலாம். வரும் அறிக்கையில் 5 மற்றும் 197 எண்ணிட்ட வரிகளைப் பார். முதலாவது, கெட்டுப்போய் மாற்றி ஒதுக்கப்பட்ட பகுதிகளின் எண்ணிக்கை. இரண்டாவது, படிக்க முடியாமல் தீர்ப்புக்குக் காத்திருக்கும் பகுதிகளின் எண்ணிக்கை. இரண்டும் பூஜ்யமாக இருந்தால் தாராளமாகச் சேர்த்துக்கொள். 197 ஏறிக்கொண்டே போனால் அந்தத் தட்டை விட்டுவிடு. 500 ஜிபி தட்டை, சோதனையில் தேறினாலும், சேர்க்க வேண்டாம் என்றே சொல்வேன். 140 மணி நேரப் பதிவுக்காக தட்டை மாட்டும் ஒரு சாட்டா இணைப்பையும் மின்சாரத்தையும் அதற்குக் கொடுப்பது வீண்.

அறிக்கைகள் மூன்றையும் எனக்கு அனுப்பிவை. பார்த்துவிட்டு, மெர்ஜர்எஃப்எஸ் பட்டியலில் எழுத வேண்டிய வரியை உன் தட்டுகளுக்கு ஏற்றபடி எழுதி அனுப்புகிறேன். உன் மனைவிக்கு என் வணக்கத்தைச் சொல்.

அன்புடன்,
உன் நண்பன்